கிடார் குமிழை நாலில் வைத்த மாலை: வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில், சின்னப் பட்டறை ஒன்றில் கையால் செய்த வால்வு ஆம்ப் ஒன்று வாங்கியிருக்கிறேன் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். கிடாரிலிருந்து வரும் மெல்லிய சமிக்ஞையைக் கண்ணாடி வால்வுகளால் பெருக்கி ஸ்பீக்கருக்கு அனுப்பும் பெட்டிதான் வால்வு ஆம்ப். அந்த ஒரு வரிக்கு இத்தனை கடிதம் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. அதனால் இந்த முறை மற்றக் கேள்விகளைத் தள்ளிவைத்துவிட்டு முழுக்க ஆம்புக்கே பக்கத்தை ஒதுக்கியிருக்கிறேன். பட்டறையின் பெயரை எழுதப்போவதில்லை. ஆம்ப் வந்து பன்னிரண்டு நாள்தான் ஆகிறது. அதில் ஒரு குறையும் இருந்தது, அதையும் சொல்லப்போகிறேன். பன்னிரண்டு நாள் பழக்கத்தை வைத்து ஒருவர் பிழைப்பைப் பற்றித் தீர்ப்பு எழுத எனக்கு மனமில்லை.

கேள்வி: பெட்டியைப் பிரித்ததிலிருந்து சொல்லுங்கள் சார். முதல் தடவை வாசித்தபோது எப்படி இருந்தது?

ஏமாற்றமாக இருந்தது.

பெட்டியைப் பிரித்தபோது அப்படி இல்லை. ஆம்பும் ஸ்பீக்கரும் ஒரே கூட்டில் இருக்கும் காம்போ வகை. தூக்கும்போதே ஒரு பக்கம் இழுத்தது. பவர் ட்ரான்ஸ்ஃபார்மர் எந்தப் பக்கம் என்று கைக்குத் தெரிந்துவிட்டது. உள்ளே பார்க்காமல் எந்த ஆம்பையும் நான் பிளக்கில் செருகுவதில்லை. இருபத்திரண்டு வருடம் பழுது பார்த்த பழக்கம் அது. பின்பலகையைக் கழற்றினால் சின்ன வால்வுகளாக மூன்று 12ஏஎக்ஸ்7, பவர் வால்வுகளாக இரண்டு இஎல்84, மாறுமின்சாரத்தை நேர்மின்சாரமாக்கும் ரெக்டிஃபையராக ஒரு ஜிஇசட்34. சக்தி 15 வாட்ஸ். ஸ்பீக்கர் 12 அங்குலம், அல்நிகோ காந்தம். மேலே நாலே நாலு குமிழ்கள்: வால்யூம், டிரெபிள், பேஸ், கட். ரிவெர்ப் இல்லை, இரண்டாவது சேனல் இல்லை.

சேசிஸை, அதாவது பாகங்கள் பொருத்திய உலோகச் சட்டத்தை, வெளியே இழுத்துத் திருப்பி வைத்தேன். பித்தளை முளைகளை வரிசையாக அடித்த டரெட் போர்டு. ஒவ்வொரு முளையிலும் ரெசிஸ்டரின் காலை ஒரு முழுச் சுற்று சுற்றிவிட்டுப் பிறகுதான் ஈயம் வைத்திருக்கிறார்கள். ஈயமும் அளவாக, உள்ளே கம்பி சுற்றியிருப்பது வெளியே தெரிகிற மாதிரி. வால்வுகளைச் சூடாக்கும் ஹீட்டர் கம்பிகள் இரண்டையும் இறுக முறுக்கி, சேசிஸின் மூலையை ஒட்டியே கொண்டுபோயிருக்கிறார்கள். அந்தக் கம்பியில் ஓடுவது மாறுமின்சாரம். முறுக்காமல் விட்டால் பக்கத்துக் கம்பியில் ஹம் என்கிற இரைச்சல் ஏறிக்கொள்ளும். இதைச் செய்த கைக்கு அவசரமே இருந்திருக்காது. கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

பிறகு எல்லாவற்றையும் பூட்டி, குமிழ்களையெல்லாம் நடுவில் வைத்து, ஈ மேஜர் கார்டு ஒன்றை மீட்டினேன். கம்பளிக்குள்ளிருந்து யாரோ பேசுகிற மாதிரி வந்தது. பேஸ் உருண்டது, மேல் ஓசைகளில் உயிரே இல்லை. டிரெபிளை முழுக்கத் திருப்பினேன், வால்யூமைக் கூட்டினேன். ஒரு மணி நேரத்தில் காது களைத்ததுதான் மிச்சம். அன்றைக்கு எழுதியிருந்தால் மிக மோசமாக எழுதியிருப்பேன்.

மறுநாள் காலை பல் துலக்கும்போதுதான் உறைத்தது. கட் என்பது மற்றக் குமிழ்களுக்கு நேர் எதிர். வாக்ஸ் ஏசி30 என்ற பழைய பிரிட்டிஷ் ஆம்ப் வழியாக வந்த சங்கதி அது. வலப்பக்கம் திருப்பத் திருப்ப மேல் ஓசைகள் குறையும். பவர் வால்வுகளுக்குப் போகும் இரண்டு எதிரெதிர் சமிக்ஞைகளுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு, உச்ச ஓசைகளை ஒன்றோடு ஒன்று கழித்துவிடும். நான் நடுவில் வைத்ததும் பாதியை வெட்டிவிட்டது. எத்தனையோ ஏசி30களைத் திறந்து மூடியிருக்கிறேன், இது தெரியாததல்ல. ஆனால் புது ஆம்ப் முன்னால் உட்கார்ந்ததும் கை பழக்கப்படி எல்லாவற்றையும் பன்னிரண்டு மணிக்குத் திருப்பிவிட்டது.

கட் குமிழை முழுக்க இடப்பக்கம் திருப்பினேன். இப்போது ஓசை திறந்துகொண்டது, ஆனால் கூர்மை கொஞ்சம் அதிகம். தகரத்தைக் கீறுகிற மாதிரி. அந்த மாலை ஆம்பின் வால்யூமை ஏழில் வைத்துவிட்டு, கிடாரில் இருக்கும் வால்யூமை நாலுக்குக் குறைத்தேன். கிடார் குமிழைக் குறைத்தால் சத்தம் மட்டுமா குறைகிறது? குமிழின் தடையும் கேபிளின் கெபாசிட்டன்ஸும் சேர்ந்து மேல் ஓசைகளிலும் கொஞ்சத்தைத் தின்றுவிடும். மங்கலான ஆம்பில் அது தொல்லை. கூர்மையான ஆம்பில் அதுவே மருந்து. இந்த ஆம்பைச் செய்தவர் கிடார் குமிழ் பத்தில் நிற்கும் என்று நினைத்துச் செய்யவில்லை, நாலில் நிற்கும் என்று நினைத்துச் செய்திருக்கிறார். அது எனக்குப் புரிய இரண்டு நாள் பிடித்தது.

பக்கத்து அறையில் படித்துக்கொண்டிருந்த மகள் எழுந்து வந்து கதவருகே நின்றாள். "அப்பா, இப்பத்தான் கிடார் கேக்குது. நேத்தெல்லாம் ஆம்ப்தான் கேட்டுச்சு" என்றாள். கிடாரை அவளிடம் கொடுத்துவிட்டு நான் போய்க் கதவருகே நின்றேன். அவள் கை என் கையைவிட லேசு. விரல் நுனியால் தொட்டபோது மணி மாதிரி தெளிவாக வந்தது. பிக் எடுத்துக் கொஞ்சம் அழுத்தினாள், ஓசையின் ஓரம் மட்டும் கரகரத்தது. குமிழை ஏழுக்கு ஏற்றி ஓங்கி அடித்தாள், ஆம்ப் உறுமியது. காலால் மிதிக்கிற பெடல் ஒன்றுகூட நடுவில் இல்லை. ஒரு கேபிள் மட்டும்தான். என் முதல் அபிப்பிராயம் என்று எதையாவது எழுதினால் அந்த இரண்டு நிமிடத்தைத்தான் எழுதுவேன்.

கேள்வி: 'பூட்டிக்' என்கிறார்களே, அதற்கு என்ன அர்த்தம்? பெரிய கம்பெனி ஆம்பைவிட உண்மையிலேயே மேலா, பெயருக்குத்தானா?

கொஞ்சம் பேர் சேர்ந்து, கொஞ்சமாக, கையால் செய்வது. அவ்வளவுதான் அர்த்தம். 'மேல்' என்பது அந்தச் சொல்லுக்குள் இல்லை, ஆம்பைத் திறந்து பார்த்துத்தான் சொல்ல முடியும்.

இன்றைய பெரிய பெயர்களில் பலவும் அப்படித்தான் தொடங்கின. லண்டனில் டிரம்ஸ் கடை வைத்திருந்த ஜிம் மார்ஷலும், அவரோடு இருந்த கென் பிரானும் டட்லி கிரேவனும் 1960களின் தொடக்கத்தில் ஃபெண்டர் பாஸ்மேன் 5எஃப்6-ஏ ஆம்பின் சர்க்கியூட்டைப் பார்த்துத்தான் ஜேடிஎம்45 என்ற தங்கள் முதல் ஆம்பைச் செய்தார்கள். கிடைத்த வால்வு வேறு, ட்ரான்ஸ்ஃபார்மர் வேறு, ஸ்பீக்கர் வேறு, ஓசையும் வேறாகிவிட்டது. ராக் இசையின் பாதி அந்த வித்தியாசத்தில்தான் பிறந்தது என்பேன். ராண்டல் ஸ்மித் ஃபெண்டரின் சின்ன பிரின்ஸ்டன் ஆம்புக்குள் பெரிய ட்ரான்ஸ்ஃபார்மரையும் 12 அங்குல ஸ்பீக்கரையும் திணித்தார், அதிலிருந்து மேசா பூகி வந்தது.

பூட்டிக் என்ற சொல்லுக்கு மரியாதை தேடித்தந்தவர்களில் இரண்டு பேரை நான் அடிக்கடி நினைப்பேன். ஒருவர் அலெக்சாண்டர் டம்பிள், 2022-ல் காலமானார். ஆம்பை ஒரே அச்சில் வார்க்காமல், வாங்குகிறவர் வாசிப்பதைக் கேட்டு அந்தக் கைக்கு ஏற்ப டியூன் செய்வார். யாரும் பார்த்துச் செய்துவிடக் கூடாது என்று சர்க்கியூட்டின் மேல் எபாக்சி பிசினை ஊற்றி மூடிவிடுவார். இன்னொருவர் ட்ரெய்ன்ரெக் ஆம்ப்களைச் செய்த கென் ஃபிஷர், 2006-ல் காலமானார். சீரியல் எண்ணுக்குப் பதிலாக ஒவ்வொரு ஆம்புக்கும் ஒரு பெண்ணின் பெயரை வைத்தார். குமிழ்களும் கொஞ்சம், பாகங்களும் கொஞ்சம். ஆனால் எந்தக் கம்பி எந்த வழியாகப் போகிறது என்பதில்கூட அவருக்குப் பிடிவாதம் உண்டு. 1989-ல் தொடங்கிய மேட்ச்லெஸ், வாக்ஸ் ஏசி30-ன் ஓசையை மேடையில் அடிபட்டாலும் தாங்கும் கட்டுமானத்தில் கொடுத்தது. என் ஆம்ப் அந்தப் பரம்பரையில் பின்னால் வருகிற ஒன்று.

கையால் ஈயம் வைத்ததால் மட்டும் ஓசை நன்றாக வந்துவிடாது. கம்பிக்குப் பதில் செப்புத் தடம் பதித்த பிரின்டட் போர்டில் செய்த நல்ல ஆம்பும் உண்டு, கையால் கம்பி இழுத்த மட்டமான ஆம்பும் உண்டு; இரண்டும் என் மேஜைக்கு வந்திருக்கின்றன. கைவேலையின் உண்மையான பலன் பழுது பார்க்கிறவனுக்குத்தான். முப்பது வருடம் கழித்து ஒரு கெபாசிட்டர் போனால், அந்த ஒன்றை மட்டும் எடுத்துவிட்டு வேறொன்று வைக்கலாம். வால்வு சாக்கெட்டை நேராகப் போர்டிலேயே பற்றவைத்த மலிவு ஆம்ப்களில் வெப்பம் பட்டுப் பட்டுப் போர்டே கருகிப்போயிருக்கும். செப்புத் தடம் உரிந்து கையோடு வரும்.

கேள்வி: வெறும் 15 வாட்ஸா? டிரம்ஸோடு வாசிக்கப் போதுமா? 30 வாட்ஸ் எடுத்தால் சத்தம் இரண்டு மடங்கு கிடைக்குமே.

கிடைக்காது. வாட்ஸ் இரண்டு மடங்கானால் கூடுவது 3 டெசிபல். காதுக்கு 'கொஞ்சம் கூடியிருக்கிறது' என்ற அளவுதான் அது. காதுக்கு இரண்டு மடங்காகத் தோன்ற ஏறத்தாழ பத்து மடங்கு வாட்ஸ் வேண்டும். 15-ஐ இரண்டு மடங்காகக் கேட்க 150 வேண்டும்.

ஆனால் ஸ்பீக்கரைப் பற்றி யாரும் கேட்பதில்லை. ஒரு வாட் கொடுத்து ஒரு மீட்டர் தள்ளி அளந்தால் எத்தனை டெசிபல் வரும் என்று ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் ஒரு கணக்கு போட்டிருப்பார்கள். 97 போட்டிருக்கும் ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு 100 போட்டிருப்பதை மாட்டினால் வாட்ஸை இரட்டிப்பாக்கியதும் அதுவும் ஒன்றுதான். என் ஆம்பில் இருப்பது 100. பதினைந்து வாட்ஸும் முழுக்கப் போனால் ஒரு மீட்டரில் 112 டெசிபலைத் தொடும். டிரம்ஸுக்குப் போதும். கடைசி வரை துளிகூடக் கரகரக்காத கிளீன் ஓசை வேண்டும் என்றால் மட்டும் போதாது, அதற்குப் பெரிய ஆம்ப் வேண்டும்.

இந்த எண்ணைச் சொல்லும்போதே ஒரு வேண்டுகோள். காதுக்கு எட்டு மணி நேரத்துக்கு 85 டெசிபல் வரை என்று ஒரு பாதுகாப்புக் கணக்கு உண்டு. ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 100 டெசிபலில் 15 நிமிடம். 112-ல் ஒரு நிமிடம்கூட இல்லை. சின்ன ஆம்ப்தானே என்று காதுக்கு நேராகத் திருப்பி வைத்துக்கொண்டு வாசிக்காதீர்கள். என் இடது காதில் ராத்திரியில் கேட்கும் ரீங்காரம் இருபது வயதில் நான் சம்பாதித்தது.

ஆம்பில் ஒரு குறை இருந்தது என்று தொடக்கத்தில் சொன்னேன். என்ன அது என்று கேட்க ஆளில்லை, அதை இந்த இதழில்தானே முதலில் சொல்கிறேன். ஆனால் ஒரு வாசகி வேறொன்று கேட்டிருக்கிறார், பதில் இரண்டுக்கும் ஒன்றுதான்.

கேள்வி: என் ஆம்பில் சில சுரங்கள் வாசிக்கும்போது மட்டும் கூடவே 'டிங்' என்று ஒரு உலோக ஓசை வருகிறது. ஸ்பீக்கர் கிழிந்துவிட்டதா?

ஸ்பீக்கர் மேல் சந்தேகப்படுவதற்கு முன் வால்வைத் தட்டிப் பாருங்கள். எனக்கும் மூன்றாம் நாள் அதேதான் ஆனது. ஏ கம்பியில் ஐந்தாவது ஃப்ரெட்டைத் தொட்டால் கூடவே ஒரு கிண்ணம் அதிர்கிற மாதிரி வந்தது.

ஆம்பை ஆன் செய்து, வால்யூமை ஐந்தில் வைத்து, பென்சிலின் ரப்பர் முனையால் சின்ன வால்வுகளை ஒவ்வொன்றாக மெதுவாகத் தட்டுங்கள். எல்லா வால்விலும் 'டொக்' என்று லேசாகக் கேட்கும், அது இயல்பு. ஒன்றைத் தட்டும்போது மட்டும் ஸ்பீக்கரில் மணி அடித்து, அடித்த பிறகும் நீண்டால் அதுதான் குற்றவாளி. கண்ணாடிக்குள் இருக்கும் கம்பிவலை தளர்ந்து அதிர்கிறது, வால்வே மைக் ஆகிவிட்டது. மைக்ரோஃபோனிக் என்பார்கள். பவர் வால்வை வெறும் கையால் தொட்டுவிடாதீர்கள், தோல் கொப்பளித்துவிடும்.

கிடார் முதலில் நுழையும் வால்வில் இந்தக் கோளாறு வந்தால்தான் பெரிய தொல்லை. அதில் பிறக்கும் ஓசையைப் பின்னால் இருக்கும் அத்தனை வால்வும் சேர்ந்து பெருக்கும். 12ஏஎக்ஸ்7-ன் பெருக்கக் கணக்கு 100, சர்க்கியூட்டில் வைத்தால் ஐம்பது அறுபது மடங்கு கிடைக்கும். கிடார் கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப்பிலிருந்து வரும் துளி மின்னழுத்தத்தை அது பெருக்குவது போலவே தன் நடுக்கத்தையும் பெருக்குகிறது. எனவே புது வால்வு வாங்குவதற்கு முன், ஆம்பை அணைத்து, வால்வுகள் ஆறிய பிறகு, முதல் வால்வையும் பவர் வால்வுகளுக்குப் பக்கத்தில் இருக்கும் கடைசிச் சின்ன வால்வையும் இடம் மாற்றிப் பாருங்கள். இரண்டும் ஒரே எண்ணாக இருக்க வேண்டும். கடைசி இடத்தில் அதே வால்வு பெரும்பாலும் சத்தம் போடாமல் வேலை செய்யும். என்னுடையது செய்கிறது.

புது ஆம்ப், கையால் செய்தது, ஒவ்வொன்றையும் வாசித்துப் பார்த்துத்தான் அனுப்புகிறோம் என்று சொன்ன பட்டறை. முதல் வால்விலேயே இப்படி என்றால் மனம் வருத்தப்படத்தான் செய்தது. எழுதினேன். மாற்று வால்வு அனுப்புகிறோம் என்று அன்றே பதில் வந்தது. பெட்டி பிரயாணத்தில் குலுங்கி வால்வு தளர்வதும் உண்டுதான். ஆனாலும் வால்வு மேல் ஒரு பஞ்சு உறை போட்டு அனுப்பியிருக்கலாம்.

கேள்வி: ஸ்டாண்ட்பை சுவிட்ச் இல்லை என்கிறார்களே, வால்வு கெட்டுவிடாதா?

கெடாது. வால்வுகள் சூடேறும் வரை உயர் மின்னழுத்தத்தை நிறுத்திவைக்கத்தான் அந்த சுவிட்ச். ஜிஇசட்34 தானே மெதுவாகச் சூடேறித்தான் உயர் மின்னழுத்தத்தை விடும், அதற்குள் மற்ற வால்வுகளும் சூடேறிவிடும். பத்துப் பதினைந்து விநாடி பொறுத்திருங்கள்.

கேள்வி: ஒரு மாடலர் வாங்கினால் நூறு ஆம்ப் உள்ளே இருக்கிறது. வால்வு எதற்கு? கோபித்துக்கொள்ளாமல் சொல்லுங்கள்.

கோபம் எதற்கு? பல ஆம்ப்களின் ஓசையை டிஜிட்டலாகக் கணக்கிட்டுத் தரும் கருவிதான் மாடலர். பதிவு செய்த பாட்டில் எது வால்வு, எது மாடலர் என்று கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் நானும் தவறுவேன். இரவில் ஹெட்போனில் பழக, ஒரே கச்சேரியில் ஐந்து விதமான ஓசை மாற்ற, தோளில் தொங்கவிட்டுக்கொண்டு போக மாடலர்தான் சரி. என் மகள் பழகுவதே அதில்தான்.

வித்தியாசம் கேட்பவர் பக்கத்தில் கொஞ்சம், வாசிக்கிறவர் பக்கத்தில் நிறைய. ஓங்கி ஒரு கார்டு அடித்தால் பவர் வால்வுகள் ஒரே இழுப்பில் நிறைய மின்சாரம் கேட்கும். ரெக்டிஃபையர் வால்வால் உடனே அவ்வளவு கொடுக்க முடியாது. மின்னழுத்தம் சட்டென்று தாழ்ந்து, மெல்ல எழும். சாக் என்பார்கள் அதை. கார்டின் முதல் அடி லேசாக அமுங்கி, பின்னால் வரும் நாதம் பொங்கி வருகிற மாதிரி விரலுக்குத் தெரியும். ஃபெண்டரின் பழைய ட்வீட் ஆம்ப்களில் இருக்கும் 5ஒய்3 வால்வில் இது நிறைய, பஞ்சு மெத்தை மாதிரி. ஜிஇசட்34-ல் குறைவு. என் ஆம்பில் அளவாக இருக்கிறது. தரையில் துள்ளும் பந்து கைக்குத் திரும்பி வருகிற மாதிரி என்று சொல்லலாம்.

அடுத்தது ஸ்பீக்கர். 8 ஓம் என்று எழுதியிருந்தாலும் எல்லாச் சுரத்துக்கும் அது 8 ஓமாக நிற்பதில்லை. ஸ்பீக்கர் தானாக அதிர விரும்பும் அடி ஓசையில், 12 அங்குல ஸ்பீக்கர்களில் சுமார் 75 முதல் 100 ஹெர்ட்ஸுக்குள், தடை பல மடங்கு ஏறும். உச்ச ஓசைகளை நோக்கிப் போகும்போதும் ஏறிக்கொண்டே போகும். வெளியே போகும் சமிக்ஞையில் ஒரு பங்கைத் திருப்பி உள்ளே கொண்டுவந்து திருத்துவது நெகட்டிவ் ஃபீட்பேக். அது இருக்கும் ஆம்ப் இதை அடக்கி ஸ்பீக்கரைப் பிடியில் வைத்திருக்கும். ஏசி30 வழியில் வந்த ஆம்ப்களில் அந்த ஃபீட்பேக் கிடையாது. ஸ்பீக்கர் எந்த இடத்தில் தடையை ஏற்றுகிறதோ அந்த இடத்தில் ஓசையும் ஏறிவிடும். அடியில் ஒரு தடிப்பு, மேலே ஒரு மினுக்கு. ஆம்பும் ஸ்பீக்கரும் ஒன்றையொன்று கேட்டு நடக்கின்றன. மாடலரும் இதைக் கணக்கிடுகிறது, நன்றாகவே கணக்கிடுகிறது. ஆனால் அறையில், முழங்காலுக்குப் பின்னால் காற்றைத் தள்ளும் ஸ்பீக்கருக்கு முன்னால் நின்று வாசிக்கும்போது, கிடாரின் மரமும் கூடவே அதிர்ந்து, பிடித்த சுரம் அணையாமல் நின்று வேறொரு சுரமாக மலர்கிறது. அதற்காகத்தான் இத்தனை கனத்தைத் தூக்குகிறேன்.

அந்த மலர்ச்சிக்குச் சத்தம் வேண்டும் என்பது உண்மை, அதை மறைக்கக் கூடாது. வீட்டில் மெதுவாக வாசித்தால் இந்த ஆம்ப் ஒரு நல்ல கிளீன் ஆம்ப், அதற்கு மேல் இல்லை. ஆம்புக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் மாட்டிச் சத்தத்தைக் குறைக்கும் அட்டெனுவேட்டர் வைத்துக் குறைத்துப் பார்த்தேன். பாதி குறைத்தால் நன்றாக இருந்தது, பேச்சுக் குரலுக்குக் கொண்டுவந்தால் சப்பென்று ஆனது. அதில் ஒரு பங்கு நம் காதுடையது. சத்தம் குறைந்தால் அடி ஓசையும் மேல் ஓசையும் காதுக்குக் குறைவாகவே எட்டும். ஃப்ளெட்சர், மன்சன் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் 1933-லேயே இதை அளந்து வரைந்து வைத்துவிட்டார்கள். இதனால்தான் இரண்டு ஆம்ப்களை ஒப்பிடும்போது சத்தத்தைச் சமமாக்கிவிட்டுக் கேளுங்கள் என்று கெஞ்சுகிறேன். கொஞ்சம் சத்தமாக இருப்பதுதான் எப்போதும் 'நல்ல' ஆம்பாகத் தெரியும்.

கேள்வி: யூடியூபில் பார்த்து நானே ஆம்பைத் திறந்து கெபாசிட்டர் மாற்றலாம் என்று இருக்கிறேன். பிளக்கைப் பிடுங்கிவிட்டால் பயமில்லையே?

பயம் இருக்கிறது. தயவுசெய்து இதை நிறுத்தி நிதானமாகப் படியுங்கள்.

சின்ன ஆம்பிலேயே உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் ஓடுகிறது, பெரியவற்றில் 450-ஐத் தாண்டும். வீட்டு மின்சாரத்தைப் போல மாறுமின்சாரம் அல்ல, நேர்மின்சாரம். பிளக்கைப் பிடுங்கினாலும் ஃபில்டர் கெபாசிட்டர்கள் அதைப் பிடித்து வைத்திருக்கும். சில ஆம்ப்களில் ஒரு ரெசிஸ்டர் அதை வடித்துவிடும், சிலவற்றில் அந்த ரெசிஸ்டர் இருக்காது, இருந்தாலும் அறுந்திருக்கலாம். நான் இன்றைக்கும் மீட்டரை வைத்துப் பத்து வோல்ட்டுக்குக் கீழே வந்துவிட்டதைக் கண்ணால் பார்க்காமல் விரலை உள்ளே விடுவதில்லை. அளக்கும்போது ஒரு கை என் முதுகுக்குப் பின்னால்தான் இருக்கும். இரண்டு கையும் உள்ளே இருந்தால் மின்சாரம் நெஞ்சு வழியாகப் போகும். வடிப்பது எப்படி, அளப்பது எப்படி என்று தெரிந்தவர் பக்கத்தில் நின்று ஒருமுறையாவது பழகாமல் சேசிஸை இழுக்காதீர்கள்.

திறக்காமலே ஆம்பைக் கெடுக்கும் வழி ஒன்று உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். ஸ்பீக்கர் கேபிளைச் செருகாமல் ஆன் செய்வது. அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மருக்குப் போக்கிடம் இல்லாமல் மின்னழுத்தம் உள்ளே எகிறி, காப்பு கருகிவிடும். வெளி ஸ்பீக்கருக்குக் கிடார் கேபிளை மாட்டுவதும் கூடாது. அதன் உள்கம்பி மெல்லிசு. வெளிநாட்டு ஆம்ப் வாங்குகிறவர்கள் முதலில் பின்பலகையில் 120 வோல்ட்டா 230 வோல்ட்டா என்று படித்துவிட்டுத்தான் பிளக்கைக் கையில் எடுக்க வேண்டும்.

கேள்வி: பழைய முல்லார்டு, டெலிஃபங்கன் வால்வு போட்டால் ஓசை எங்கோ போய்விடும் என்கிறார்களே?

முதல் இடத்தில் ஒன்று மாற்றிப் பார்த்தால் கொஞ்சம் மென்மை தெரியும். எங்கோ போய்விடாது. அந்தத் தொழிற்சாலைகள் வால்வு செய்வதை நிறுத்திப் பல காலம் ஆகிவிட்டது. இன்று கிடார் ஆம்புக்கு வரும் புது வால்வுகளில் பெரும்பாலானவை ஸ்லோவாக்கியா, ரஷ்யா, சீனாவில் செய்தவை. என் ஆம்பில் வந்தவை ஸ்லோவாக்கியாவில் செய்தவை, மைக்ரோஃபோனிக் ஆன ஒன்றைத் தவிர மற்றவை எனக்குத் திருப்தி. ஓசையில் பெரிய மாற்றம் வேண்டும் என்றால் பழைய வால்வுக்குச் செலவழிக்காமல், முதல் இடத்தில் 12ஏஎக்ஸ்7-க்குப் பதில் 12ஏஒய்7 போட்டுப் பாருங்கள். பெருக்கக் கணக்கு 100-லிருந்து 45-க்குள் இறங்கும். கரகரப்பு தாமதமாக வரும், கிடார் குமிழுக்கு இடம் கூடக் கிடைக்கும். அதற்கும் பிறகு ஆசை இருந்தால் ஸ்பீக்கரை மாற்றுங்கள். வால்வு செய்யும் மாற்றத்தைப் போலப் பல மடங்கு அது செய்யும்.

கேள்வி: கடைசியாக ஒன்று: ஆம்பை வைத்துக்கொள்வீர்களா, திருப்பி அனுப்பிவிடுவீர்களா?

வைத்துக்கொள்கிறேன். இன்னும் மூன்று வேலை பாக்கி. மாற்று வால்வு வந்ததும் பென்சிலால் தட்டிப் பார்க்க வேண்டும். ஸ்பீக்கர் புதிது; அதன் காகிதக் கூம்பின் விளிம்பு இன்னும் விறைப்பாகவே இருக்கிறது, இருபது முப்பது மணி நேரம் வாசித்தால் கொஞ்சம் இளகும், அப்போது அந்த மேல் ஓசையின் கூர்மையை மறுபடி கேட்க வேண்டும். கட் குமிழை ஒன்பது மணிக்கு நகர்த்த வேண்டியிராது என்று நினைக்கிறேன். பிறகு டிரம்ஸும் பேஸ் கிடாரும் இருக்கும் அறைக்குக் கொண்டுபோக வேண்டும். இவ்வளவு நாள் அதைத் தனியாகத்தான் கேட்டிருக்கிறேன். தனியாகக் கேட்கும்போது இனிக்கும் அந்த அடி ஓசைத் தடிப்பு, பேஸ் கிடாரின் வழியில் குறுக்கே நிற்குமோ என்று ஒரு சந்தேகம். நின்றால் பேஸ் குமிழை மூன்றுக்கு இறக்கிப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.